விரட்டுவதா வேடிக்கை?

கொல்வதற்குக் கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. காண்பதற்குப் படகேறும் காலம் இது. ஈட்டியும் பீரங்கியும் ஏந்திச் சென்ற அதே கடலுக்கு, இன்று காமிராவும் கறுப்புக் கண்ணாடியுமாகப் போகிறார்கள். போய், திமிங்கலத்தின் முதுகு கண்டு, அது பீச்சியடிக்கும் மூச்சு கண்டு, "ஆகா!" என்று கூவி, கைதட்டிக் களித்துக் கரை திரும்புகிறார்கள். 2008-ஆம் ஆண்டிலேயே 119 நாடுகளில் 1 கோடியே 30 லட்சம் பேர் இப்படிப் போனார்கள் என்று கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள். அந்த ஒரே ஆண்டில் இதிலே புரண்ட பணம் 210 கோடி டாலர்! சில்லறை வியாபாரமா இது?

நல்ல மாற்றந்தானே என்பீர்கள். நல்ல மாற்றந்தான், மறுப்பாரில்லை. முன்பு நடந்தது என்ன என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு நடுங்கும். 1960களின் நடுவிலே, சோவியத் நாட்டு வேட்டைக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலின் வடபகுதியிலே புகுந்தன. உலகுக்குச் சொல்லாமல், ஏறத்தாழ 1,300 நீலத் திமிங்கலங்களைக் கொன்று குவித்தன. உண்மைக் கணக்கு வெளிவந்தது, அந்த அரசு கவிழ்ந்த பிறகுதான். பாட்டாளி ராஜ்யம் என்று பறை சாற்றிய நாடு, பொய்க் கணக்கு எழுதுவதிலே எந்த முதலாளிக்கும் இளைக்கவில்லை போலும்! 1979-இல் அகில உலகத் திமிங்கல ஆணையம் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலங்களுக்கான புகலிடமாக அறிவித்தது. 1986 முதல் வாணிப வேட்டைக்கே உலகளாவிய தடை வந்தது. ஆக, கொலைக் களமாயிருந்த கடல் காட்சிக் களமாயிற்று. வரவேற்கிறோம்.

ஆனால், தோழர்களே, வேட்டை நின்றது என்பதாலேயே விரட்டல் நின்றுவிட்டது என்று பொருளா? நமக்கு மிக அருகிலே, கூப்பிடு தூரத்திலே இருக்கிற இலங்கையின் தென்கடலைப் பாருங்கள்.

மாத்தறை மாவட்டத்திலே மிரிஸ்ஸ என்றொரு மீன்பிடித் துறைமுகம். அங்கே கரைக்கும் ஆழ்கடலுக்கும் இடையே தூரம் குறைவு. படகேறிச் சிறிது நேரத்திலே அடி காணா ஆழம் வந்துவிடும். ஆழத்துச் சத்து நீர் மேலெழும்பி வர, அதிலே சிற்றிறால்கள் கொழிக்கின்றன. அந்த இரையை நாடி வருகிறது நீலத் திமிங்கலம் — உலகிலேயே பெரிய உயிரினம். மற்றக் கடல்களிலே இவ்வினம் இரைக்காகத் துருவத்துக் குளிர் நீருக்குப் போகும்; ஈனுவதற்கு வெப்ப நீருக்கு வரும். வட இந்தியப் பெருங்கடலிலே வாழும் கூட்டமோ இந்த வெப்பக் கடலை விட்டு நகர்வதில்லை. இலங்கையின் கடலாய்வாளர் ஆஷா டி வோஸ் அம்மையார் இந்த விந்தையை உலகறியச் செய்தவர்; மரபுக்கு மாறான திமிங்கலங்கள் என்றே இவற்றுக்குப் பெயரிட்டார். வேறு வீடில்லாத கூட்டம் என்று நாம் சொல்லலாம். இங்கே தொல்லை என்றால், போவதற்கு அதற்கு வேறு இடமில்லை.

2008-ஐ ஒட்டி மிரிஸ்ஸவில் திமிங்கலம் காட்டும் தொழில் தொடங்கிற்று. 2009-இல் போர் முடிந்தது; உல்லாசப் பயணிகள் திரண்டு வந்தனர்; மீன்பிடித் துறையிலே வெள்ளைப் படகுகள் வரிசை கட்டின. நவம்பர் முதல் ஏப்ரல் வரை காலைதோறும் புறப்பாடு. வலை இழுத்த கைகளுக்கு வேறு வேலை கிடைத்தது, கடையிலே விற்பனை நடந்தது, விடுதியிலே விளக்கு எரிந்தது. இதையெல்லாம் குறை சொல்லுவோர் யாருமில்லை.

குறை எங்கே தொடங்குகிறது? ஒரு திமிங்கலம் மூச்சுவிட மேலே வருகிறது. ஒரு படகுக்காரர் கண்டுவிட்டார். இயந்திரம் உறுமுகிறது, படகு பாய்கிறது. அது பாய்வதைக் கண்டு அடுத்த படகும் பாய்கிறது. அதைக் கண்டு இன்னொன்று. இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று, முன்னே ஒன்று, பின்னே ஒன்று. நடுவிலே மூச்சுவிட வந்த பெரும்பிராணி! மீன் அல்ல அது. நம்மைப் போல் நுரையீரல் கொண்டது. ஏறத்தாழப் பத்து நிமிடம் ஆழத்திலே இரை தேடி, மேலே வந்து, சில மூச்சு இழுத்தால்தான் அடுத்த முழுக்குக்குத் தெம்பு. அந்தச் சில மூச்சையும் முழுதாக விடவொட்டாமல் துரத்தினால், அரை மூச்சோடு மூழ்கும். அரை வயிற்றோடு திரும்ப வரும். இரை பிடிப்பதோ எளிய வேலை அல்ல. அத்தனை பெரிய உடலை உந்திப் பாய்ந்து, வாயைப் பிளந்து, டன் கணக்கில் நீரோடு இறாலை அள்ளி, நீரை வடித்து விழுங்க வேண்டும். உழைப்பாளியின் சோற்று வேளையிலே வாசலிலே கூட்டம் கூடிக் கூச்சலிட்டு, "நீ சாப்பிடுவது வெகு அழகு" என்று பாராட்டினால் எப்படி இருக்கும்? ஒரு நாள் பொறுப்பான். ஆறு மாதம் தினமும் என்றால்?

இதற்குச் சட்டமில்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது! 2012-இல் இலங்கை அரசு விதிகள் இயற்றியது. திமிங்கலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு நெருங்கலாகாது என்பது விதி. அச்சிட்டார்கள், அரசிதழிலே வெளியிட்டார்கள். கடலிலே யார் போய் நாடாவைப் பிடித்து அளப்பது? ஏட்டுச் சுரைக்காயைக் கறி சமைத்த கதைதான். வனவிலங்குத் துறை, உல்லாசப் பயணத் துறை, கடலோரக் காவல் துறை என்று பொறுப்புப் பலர் தலையிலே இருக்கிறது. பலர் தலையிலே இருக்கிற பொறுப்பு என்ன ஆகும் என்பது நம் நாட்டுத் துறைகளைக் கண்டவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படகோட்டிமீது பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் பெரிய மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். "படிக்காதவர்கள், பேராசைக்காரர்கள், கட்டுப்பாடு அறியாதவர்கள்" என்கிறார்கள். குளிர்சாதன அறையிலே உட்கார்ந்து இப்படிச் சொல்வது எளிது. படகிலே ஐம்பது பேர் ஏறியிருக்கிறார்கள். ஐம்பது பேரும் முழுப் பணம் கொடுத்தவர்கள். பாதிப் பேர் அலையிலே வாந்தி எடுத்துச் சோர்ந்திருக்கிறார்கள். அடுத்த படகு நெருங்கிப் போய்க் காட்டுகிறது; இந்தப் படகோட்டி மட்டும் 100 மீட்டரிலே நின்றால், "நாளைக்கு அந்தப் படகிலே போகலாம்" என்பார்கள். அவனுக்கு நாளைக்குக் கூலி இல்லை. நெருங்கினவனுக்கு லாபம், நியாயத்துக்கு நின்றவனுக்கு நட்டம்! இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, அதிலே சிக்கியவனைக் குற்றவாளி என்பது எந்த ஊர் நீதி?

ஏற்பாட்டை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது, பூமியின் மறு கோடியிலே.

நியூசிலாந்தின் தென்தீவிலே கைகூரா என்ற சிற்றூர். கரையை ஒட்டியே ஆழமான கடற்பள்ளம். அதிலே ஸ்பெர்ம் திமிங்கலங்கள். 1980களிலே அந்த ஊர் நொடித்துப்போயிற்று. அரசுத் துறைகளிலே ஆட்குறைப்பு. முதலிலே வேலை இழந்தவர்கள் யார்? அந்த மண்ணின் பழங்குடிகளான மாவோரி மக்கள். எல்லா நாட்டிலும் வரிசை அப்படித்தானே! அவர்கள் கை ஏந்தி நிற்கவில்லை. பில் சாலமன் முதலான தலைவர்கள் வழிகாட்ட, சில குடும்பங்கள் தங்கள் குடியிருக்கும் வீடுகளை அடகு வைத்து, 1987-இல் ஒரு சின்னக் காற்றடைத்த படகோடு தொழிலைத் தொடங்கின. இன்று உலகம் அறிந்த நிறுவனம் அது. ஊரின் பொருளாதாரமே அதைச் சுற்றி எழுந்தது.

பணம் கொழித்தது என்றதும் மற்றவர்களுக்கு மூக்கு வியர்க்காதா? "எங்களுக்கும் அனுமதி கொடு" என்று வந்தார்கள். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிற்று. 1995-இல் தீர்ப்பு. திமிங்கலம் காட்டுவது முன்னோர் காலத்துத் தொழில் அல்ல, உண்மைதான். ஆயினும், முன்னோருக்கும் அந்தக் கடலுக்கும் இருந்த உறவுக்கு மிக நெருங்கியது இது. 1840-இல் மாவோரிகளோடு செய்த வைட்டாங்கி ஒப்பந்தத்தின் கொள்கைப்படி, அவர்களுக்கு நியாயமான அளவு முன்னுரிமை தரப்பட வேண்டும். எனினும் எல்லாவற்றுக்கும் மேலாகத் திமிங்கலத்தின் பாதுகாப்பே நிற்கும் — இதுதான் தீர்ப்பின் சாரம். மண்ணின் மைந்தனுக்கு உரிமையும் உண்டு, அந்த உரிமைக்கு வரம்பும் உண்டு என்று ஒரே தீர்ப்பிலே சொன்ன நீதிபதிகளைப் பாராட்டத்தான் வேண்டும்.

இதிலே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கைகூராவிலே படகு 50 மீட்டர் வரை நெருங்கலாம். இலங்கையிலே 100 மீட்டர். ஏட்டைப் பிரித்துப் பார்த்தால், இலங்கைச் சட்டமே இரு மடங்கு கண்டிப்பு! பிறகு ஏன் அங்கே ஒழுங்கு, இங்கே அமளி? தூரத்திலே இல்லை சூட்சுமம், எண்ணிக்கையிலே இருக்கிறது. நியூசிலாந்திலே அரசின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எவரும் இந்தத் தொழிலை நடத்த முடியாது; அந்தச் சீட்டு கேட்டவருக்கெல்லாம் கிடைக்காது. ஒரு திமிங்கலத்தைச் சுற்றி 300 மீட்டருக்குள், படகும் விமானமும் சேர்த்து மூன்றுக்கு மேல் இருக்கலாகாது. அந்த எல்லைக்குள் மெல்ல ஊர்ந்தே செல்ல வேண்டும். போட்டிக்கு ஆளில்லாதபோது படகோட்டி எதற்குப் பறக்கப்போகிறான்?

இன்னொன்று. திமிங்கலம் தென்படாவிட்டால், பயணச்சீட்டுப் பணத்திலே நூற்றுக்கு 80 பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது கைகூரா நிறுவனம். சிறிய ஏற்பாடு போலத் தோன்றும். ஆனால் அதன் உட்பொருள் என்ன? கடல் நம் வீட்டுக் கொல்லை அல்ல, திமிங்கலம் நாம் கட்டி வளர்க்கும் மாடு அல்ல, வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்று பயணிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது. "கட்டாயம் காட்டுவோம்" என்று வாக்குக் கொடுத்தவன்தான் விரட்டியாக வேண்டும்.

கைகூராவைச் சொர்க்க பூமி என்று நான் சொல்லவில்லை. அங்கும் முன்போல ஸ்பெர்ம் திமிங்கலங்கள் வருவதில்லை. எண்ணிக்கை குறைந்திருப்பதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கடலின் வெப்பம், இரை எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம். ஆனால் குறைந்தது என்பதைக் கண்டுபிடிக்கும் அளவுக்காவது ஆண்டுக்கணக்காக எண்ணிக்கொண்டிருக்கிறார்களே! எண்ணாதவனுக்குக் குறைந்தது தெரியாது. குறைந்தது தெரியாதவன் கடைசி நாள்வரை சீட்டு விற்றுக்கொண்டிருப்பான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே நடந்ததையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்கே தெற்குக் கூட்டம் என்று அழைக்கப்படும் ஓர்காக்கள் எண்பதுகூட இல்லை. ஒலி எழுப்பி, அது திரும்பி வரும் எதிரொலியாலே சால்மன் மீனைத் தேடிப் பிடிப்பவை அவை. படகின் இரைச்சல் அந்த எதிரொலியை விழுங்கிவிடுகிறது. மீனும் அருகிவிட்டது, காதும் அடைக்கிறது என்ற நிலை. 2023-இல் சட்டம் இயற்றி, 2025 ஜனவரி முதல் எந்தப் படகும் 1,000 கெஜத்துக்குள் அவற்றை நெருங்கலாகாது என்று ஆக்கிவிட்டார்கள். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்! காலத்தில் செய்திருந்தால் சிறிய கட்டுப்பாடு போதும். காலம் கடத்தினால் கதவையே அடைக்க வேண்டிவரும் — தொழில் செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

"இலங்கை ஏழை நாடு ஐயா, 2022-இல் கடன் கட்ட முடியாமல் கைவிரித்த நாடு, டாலர் வருகிற வழியை அடைக்கலாமா?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி, தள்ளிவிடுவதற்கில்லை. 2024-இல் அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். அந்த வருவாயிலே அடுப்பு எரியும் வீடுகள் ஏராளம். ஆனால் வரவு எதை நம்பி இருக்கிறது? கடலிலே திமிங்கலம் இருப்பதை நம்பி. முதலைத் தின்று வட்டி என்று எழுதிக்கொள்ளும் வியாபாரி எத்தனை நாள் கடை நடத்துவான்? படகைக் குறைத்தால் வருவாய் குறையும் என்பதும் சரியல்ல. கூட்டமில்லாத கடலிலே, கலங்காத திமிங்கலத்தைக் காண, அதிகப் பணம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

படகுகளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு முடித்தால், எறும்பை நசுக்கிவிட்டு யானையை விட்ட குற்றம் நம்மைச் சேரும். மிரிஸ்ஸவுக்குக் கிழக்கே, தேவேந்திரமுனைக்கு அப்பால், உலகத்தின் நெருக்கடி மிகுந்த கப்பல் பாதைகளுள் ஒன்று ஓடுகிறது. கீழ்த்திசைச் சரக்கை மேல்திசைக்கும், மேல்திசை எண்ணெயைக் கீழ்த்திசைக்கும் சுமந்து செல்லும் பெருங்கப்பல்கள் இரவும் பகலும் ஓயாமல் அந்த வழியே போகின்றன. அந்தப் பாதையும் திமிங்கலத்தின் மேய்ச்சல் நிலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன! 2012-இல் ஒரு சரக்குக் கப்பல், முகப்பிலே நீலத் திமிங்கலத்தின் சடலத்தைச் சுமந்துகொண்டு கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அத்தனை பெரிய உடல் முன்னே மாட்டிக்கிடக்க, அதோடு வந்து சேர்ந்தது கப்பல். இது கண்ணுக்குத் தெரிந்த ஒன்று. மோதுண்டு ஆழத்தில் அமிழ்ந்தவற்றை யார் எண்ணுவது?

பாதையை 15 கடல்மைல் தெற்கே தள்ளினால், மோதும் ஆபத்து 95 விழுக்காடு குறையும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தப் பாதையிலே குறுக்கிடும் சிறு மீன்பிடிப் படகுகளுக்கும் அது உயிர்க்காப்பு. அகில உலகக் கடல்சார் அமைப்பிடம் இலங்கை அரசு முன்மொழிய வேண்டும், அதுதான் முறை. அரசு முன்மொழியும்வரை காத்திராமல், உலகின் மிகப் பெரிய கொள்கலக் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி. 2022-இன் நடுவிலே தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே திருப்பிக்கொண்டது. முதலாளிகளைப் பாராட்டும் வழக்கம் இந்தப் பத்திக்கு இல்லை. என்றாலும் செய்ததைச் செய்தார்கள் என்றுதானே சொல்ல வேண்டும்? ஒரு நிறுவனம் திருப்பினால் மற்றவை திருப்புமா? விரும்பினால் செய்யலாம் என்பது வேறு. எல்லோரும் செய்தாக வேண்டும் என்பது வேறு. மிரிஸ்ஸப் படகோட்டியை 100 மீட்டரிலே நிறுத்த விதி செய்த அரசுக்கு, மாளிகை உயரக் கப்பலைத் திருப்பக் கேட்கும் வாய் இருக்க வேண்டாமா?

இனி, நாம் கவலைப்பட வேண்டிய இடத்துக்கு வருவோம்: திருகோணமலை.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும். அப்போது படகோட்டம் திருகோணமலைப் பக்கம் திரும்புகிறது. 1980களின் தொடக்கத்திலேயே 'டியூலிப்' என்ற ஆய்வுப் படகு அந்தக் கடலிலே திமிங்கலங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தது. கோணேசர் கோயில் நிற்கும் பாறைமேலிருந்து பார்த்தாலே திமிங்கலத்தின் மூச்சுத் தெரியும் நாட்கள் உண்டு. பின்னர் போர் வந்தது. கடல் காவல் வளையத்துக்குள் போயிற்று. மீன்பிடிக்கவே தடை, வேடிக்கை பார்ப்பது எங்கே? கால் நூற்றாண்டுக் காலம் அந்தக் கரையின் மக்கள் தங்கள் கடலைத் தூர நின்றே பார்த்தார்கள்.

இப்போது நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதிகள் எழுகின்றன, படகுகள் கிளம்புகின்றன. நிலாவெளிக்கு எதிரே கிடக்கும் புறாத்தீவு ஒரு பாடம். 2003-இல் தேசியப் பூங்கா என்று பலகை மாட்டினார்கள். போர் ஓய்ந்ததும் கூட்டம் புகுந்தது. பவளப் பாறையை மிதித்தே நொறுக்கினார்கள். பலகை பார்த்துக்கொண்டு நின்றது.

திருகோணமலையிலே படகுகள் இன்னும் மிரிஸ்ஸ அளவுக்கு மொய்க்கவில்லை. மொய்த்த பிறகு ஒருவனிடமிருந்து உரிமத்தைப் பறிப்பது, அவன் வயிற்றில் அடிப்பது ஆகும். மொய்க்கும் முன்பு எண்ணிக்கையை வரையறுப்பதோ யாருக்கும் இழப்பில்லை. கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் வரும் விடுதி முதலாளிகள், பத்துப் படகு, இருபது படகு என்று வாங்கி நிறுத்தும் முன்பு, அந்தக் கரையிலே பிறந்து வளர்ந்த மீனவர்களுக்கு — தமிழராயினும், முஸ்லிம்களாயினும், சிங்களவராயினும் — கூட்டுறவுச் சங்கம் அமைத்து உரிமத்தை முதலில் கொடுக்கட்டும். அடகு வைக்க வீடுகூட இல்லாதவர்கள் பலர். ஆகவே படகுக்குக் கடனும் அரசே கொடுக்கட்டும். ஒரு திமிங்கலத்தருகே ஒரு நேரத்தில் இத்தனை படகுதான், மற்றவை தூரத்தில் இயந்திரத்தை அடக்கி முறைக்காகக் காத்திருக்க வேண்டும் என்று விதிக்கட்டும். பயணச்சீட்டுப் பணத்திலே ஒரு பங்கை ஒதுக்கி, கடலிலேயே சுற்றி வரும் ஒரு காவல் படகுக்கு எண்ணெய் போடட்டும். அதற்கு ஒரே துறை பொறுப்பேற்கட்டும். திமிங்கலம் தென்படவில்லையா? பெரும்பங்குப் பணம் வாபஸ்!

எத்தனை படகு என்பது உரிமத் தாளின் முதல் வரியிலேயே இருக்கட்டும். அந்த எண்ணைத் தீர்மானிக்கக் கடலாய்வாளரும் கடலோடிகளும் ஒரே பாயிலே உட்கார்ந்து பேசட்டும். விடுதி முதலாளி அதுவரை திண்ணையிலே காத்திருக்கட்டும். வெற்றிலைத் தட்டு அனுப்பி வைக்கலாம்.